நமக்காகப் பாடிய கம்பெனிகள்

கருவடிக்குப்பம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பாரதியின் குயில் தோப்பும் சித்தானந்தர் கோயிலும் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு இருட்டிய பிறகு வேறொரு கருவடிக்குப்பம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித் தள்ளுவண்டிகளில் அடுப்பு மூட்டுவார்கள். இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் சத்தம், முட்டைக்கோஸ் வதங்கும் வாசனை, ‘ஃபாஸ்ட் ஃபுட்’ என்று சிவப்பில் எழுதிய பலகை. இந்த வண்டிக்காரர்கள் யாரும் விளம்பரப் பாட்டுக்கு ஒரு பைசா செலவழித்திருக்க மாட்டார்கள். ஆனால் தட்டோடு நிற்கிறவர்களிடம் பழைய விளம்பரப் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஆளுக்கொரு கதை வரும்.

“கொழும்பு ரேடியோ நமக்காகவே பாடுச்சு தம்பி” என்பார் ரோடியர் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். “கறுப்பர்களைக் கேலி பண்ணி வெள்ளைக்காரன் எடுத்த விளம்பரம் இது, பாருங்கண்ணே” என்று 1970களின் மெக்டொனால்ட்ஸ் படம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டுவான் கல்லூரிப் பையன். ஒன்று பாசம், மற்றது கோபம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். எனக்கு இரண்டும் ஒரே கதையாகத்தான் படுகிறது. வியாபாரியின் கண்ணில் படாமல் இருந்த ஒரு ஜனம், தன்னிடமும் காசும் காதும் உண்டு என்று காட்டிவிட்டது. அதன் பிறகே கம்பெனிகள் அந்த ஜனத்தின் ராகத்தில் பாடக் கற்றுக்கொண்டன. யார் முந்தினார்கள், காசு எந்தப் பைக்குப் போனது என்று பார்த்துக்கொண்டே போனால் பாசக் கதையும் நிற்பதில்லை, கோபக் கதையும் முழுதாக நிற்பதில்லை.

“கொழும்பு நம்மேல் பிரியப்பட்டுப் பாடியது”

பெரியவரின் தலைமுறைக்கு இலங்கை வானொலி என்பது வீட்டு ஆள் மாதிரி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று பெயர்களை இன்றைக்கும் உறவு முறை போலச் சொல்வார்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டுவிட்டு மில்லுக்குப் போன கூட்டம் அது. பிரியம் உண்மைதான். ஆனால் அந்த நிலையம் பிரியத்துக்காகத் திறக்கப்பட்டதல்ல.

இரண்டாம் உலகப் போரை ஒட்டி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைகளுக்குப் பாட்டும் செய்தியும் கொடுப்பதற்காக, கொழும்புக்கு அருகே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலைக் கருவி ஒன்றை பிரிட்டிஷார் நிறுவினார்கள். போர் முடிந்தது, கருவி இலங்கை அரசின் கைக்கு வந்தது. அந்தச் சின்னத் தீவுக்கு அவ்வளவு பெரிய தொண்டை எதற்கு? 1950இல் வர்த்தக சேவை தொடங்கினார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த கிளிஃபர்ட் டாட் என்ற ஆஸ்திரேலியர் அதை நடத்தினார். குறி இந்தியச் சந்தை. அகில இந்திய வானொலி விளம்பரம் வாங்குவதில்லை. ஆனால் விளம்பரம் கொடுக்கக் காத்திருந்த கம்பெனிகள் பம்பாயில் நிறைய இருந்தன.

அப்போது டெல்லியிலிருந்து ஒரு பெரிய உதவி வந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. சாஸ்திரிய இசையைக் கேட்டு மக்கள் திருந்த வேண்டும் என்று நினைத்தவர். அரசு வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கி, கிட்டத்தட்ட இல்லாமலே போனது. மக்கள் திருந்தவில்லை, முள்ளைத் திருப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. சீபா கம்பெனியின் பற்பசைக்காக அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவுசெய்வார், நாடா விமானத்தில் கொழும்புக்குப் போகும், அங்கிருந்து திரும்ப இந்திய வீடுகளுக்கே வந்து சேரும். அதற்கு முன் ‘ஓவல்டின் புல்வாரி’ நிகழ்ச்சியில் அவருக்குக் கிடைத்த சம்பளம் வாரத்துக்கு ஒரு சின்ன டின் ஓவல்டின் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

இந்தியிலும் தமிழிலும் நடந்தது ஒன்றுதான்: கேட்கிறவன் முதலில் போனான், விளம்பரம் பின்னால் போனது. இதில் புதுச்சேரிக்கு ஒரு தமாஷ் உண்டு. கேஸ்கர் அமைச்சரானபோது இந்த ஊர் இந்தியாவிலேயே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து நிர்வாகம் மாறியது 1954 நவம்பர் 1ஆம் தேதி. எல்லையில் சுங்கச் சாவடி வைத்துத் துணிமணியையும் சாராயத்தையும் சோதித்துக்கொண்டிருந்த காலத்தில், கொழும்புப் பாட்டு மட்டும் யாரிடமும் சீட்டு வாங்காமல் இரண்டு பக்கமும் கேட்டது.

கோபால் பல்பொடிப் பாட்டை நினைத்துப் பாருங்கள். எந்தெந்த நாடுகளில் தன் பொடியால் பல் துலக்குகிறார்கள் என்று வரிசையாகச் சொல்லும்: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். கேட்கும்போது பெருமையாக இருக்கும். உற்றுப் பார்த்தால் அது தமிழர்கள் பிழைக்கப் போன இடங்களின் வரைபடம். தேயிலைத் தோட்டமும் ரப்பர் தோட்டமும் துறைமுகமும் தமிழர்களைக் கொண்டுபோய் விட்ட இடத்துக்குப் பின்னாலேயே பல்பொடியும் கப்பலேறியது. அவர்களைச் சந்தையாக உருவாக்கியது பல்பொடி அல்ல.

கொழும்புக்கு 1950இலேயே தெரிந்த இந்தச் சந்தை டெல்லிக்குப் புரியப் பதினேழு ஆண்டு ஆனது. 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி தொடங்கிச் சினிமாப் பாட்டுக்கு வாசல் திறந்தார்கள். அதிலும் விளம்பரத்துக்கு இடம் 1967 நவம்பர் 1இல்தான் வந்தது, முதலில் பம்பாய், நாகபுரி, புனே மூன்று ஊர்களுக்கு மட்டும். அதுவரை நம் காதுக்குக் கொடுத்த விலையெல்லாம் கொழும்பின் கல்லாவில் விழுந்தது.

“விளம்பரப் பாட்டெல்லாம் சினிமாவில் இடம் கிடைக்காதவர்கள் போட்டது”

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது ஏ.ஆர். ரகுமான் திடீரென்று முளைத்தவர் போலத் தெரிந்தார். அதற்கு முன் ஐந்தாண்டுக்கு மேல் அவர் விளம்பரங்களுக்கு இசை போட்டுக்கொண்டிருந்தார். 1987இல் ஆல்வின் கைக்கடிகாரத்துக்குச் செய்தது ஆரம்பம். பூஸ்ட், ஏஷியன் பெயிண்ட்ஸ் என்று பட்டியல் நீளும். மயிலாப்பூரிலிருந்து வளர்ந்த லியோ காபிக்கு அவர் போட்ட இசை விருது வாங்கியது. அந்த வட்டத்தில்தான் விளம்பரப் படங்கள் தயாரித்த ஷாரதா திரிலோக் அவரை மணிரத்னத்துக்கு அறிமுகப்படுத்தினார். முப்பது விநாடிக்குள் ஒரு மெட்டை மனதில் ஒட்டவைக்கும் பயிற்சியைச் சினிமா அவருக்குக் கொடுக்கவில்லை, காபித்தூளும் பெயிண்டும் கொடுத்தன.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை, டைட்டன் கடிகார இசை ரகுமானின் சொந்த மெட்டு என்பது. அவர் அதற்கு வாத்தியம் சேர்த்து உருவம் கொடுத்தது உண்மை. மெட்டு மொஸார்ட்டின் 25ஆம் சிம்பொனியின் தொடக்கம். அமெரிக்காவில் இதே கதை பேரி மனிலோவுக்கு நடந்தது. 1971இல் மெக்டொனால்ட்ஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ‘ஓய்வு’ப் பாட்டை அவர் எழுதியதாக இன்றும் சொல்வார்கள். அவர் அதில் பாடினார், எழுதவில்லை. ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் மெட்டு உண்மையிலேயே அவருடையது. பல பத்தாண்டுகள் ஒலித்த அந்த மெட்டுக்கு அவர் வாங்கியது ஒரே தடவை 500 டாலர். நம் வானொலி அறிவிப்பாளர் சினிமாப் பாட்டுக்குப் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர் என்று சொல்வார். விளம்பரப் பாட்டு வரும்போது அந்த மரியாதை கிடையாது. பொருளின் பெயர் மட்டும்தான்.

“தமிழ் விளம்பரம் என்றாலே இந்தியிலிருந்து டப்பிங்”

இதில் பாதி உண்மை. அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மீதி விளங்கும்.

1982 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷன் தேசிய ஒளிபரப்பு தொடங்கியது. டெல்லியிலிருந்து ஒரே நிகழ்ச்சி, நாடு முழுவதற்கும். 1984 ஜூலை 7இல் ‘ஹம் லோக்’ தொடர் வந்தது. அதற்குப் பணம் கொடுத்தது மேகி. அதற்கு முந்தைய ஆண்டு இந்தியாவுக்கு வந்த இரண்டு நிமிட நூடுல்ஸை வீட்டுக்கு வீடு பழக்கப்படுத்திய தொடர் அது. வட இந்தியாவில் தெருக்கள் காலியாகும் அளவுக்குப் பார்த்தார்கள். சென்னையில் ஆரம்ப ஆர்வம் வடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டார்கள். மொழி புரியவில்லை, வேறென்ன. தமிழ் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ இருந்தது. பக்கத்து வீட்டுச் சன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்த கூட்டம் அதற்குத்தான் சேர்ந்தது.

கம்பெனிக்கு இது கணக்கில் படும். ஆனாலும் ஒரு படத்தை எடுத்து எட்டு மொழியில் குரல் மாற்றினால் செலவு குறைவு. அதனால் வாயசைவு இந்தியிலும் வார்த்தை தமிழிலுமாகப் பல பொருட்கள் நம் வீட்டுக்குள் வந்தன. வட இந்தியச் சமையலறையில், வட இந்திய மாமியார், கொச்சைத் தமிழ். சிரிக்காமல் பார்த்தவர்கள் குறைவு. அதே காலத்தில் உள்ளூர் முதலாளிகள் வேறு வழியில் போனார்கள். லியோ காபி, சேலத்து நரசுஸ் காபி மாதிரி வியாபாரிகளுக்கு டெல்லியில் விற்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்களுடைய விளம்பரங்கள் தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே எடுக்கப்பட்டவை. நரசுஸ் விளம்பரத்தில் காபியை மெச்சிய அந்தப் பிராமணப் பேச்சு வழக்கு எந்த இந்தி மூலத்திலும் கிடையாது. எல்லாத் தமிழ் வீட்டின் பேச்சும் அது இல்லை என்பது வேறு சங்கதி. ‘ஃபில்டர் காபி’ என்றால் இன்னார் வீடு என்று அவர்களும் ஒரு கோடு போட்டுத்தான் விற்றார்கள்.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியது. தமிழ் வீடுகளின் மாலைப்பொழுது அந்தப் பக்கம் சாய்ந்ததும் பெரிய கம்பெனிகளுக்குத் தமிழ் மாமியார்களும் தமிழ் நடிகர்களும் கிடைக்கத் தொடங்கினார்கள். தமிழ்ப் பற்று திடீரென்று வந்துவிடவில்லை. பார்வையாளர் போன இடத்துக்கு வண்டியைத் திருப்பினார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பழக்கம் முழுதாகப் போகவில்லை. மெக்டொனால்ட்ஸ் 1996 அக்டோபரில் டெல்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சியை விட்டது. உருளைக்கிழங்கு ஆலு டிக்கியை ரொட்டிக்குள் வைத்து விற்றது. இந்தியர்களுக்காக மாறிய அமெரிக்கக் கம்பெனி என்று உலகமே பாராட்டியது. ஆலு டிக்கி வடநாட்டுத் தெருத்தீனி. கருவடிக்குப்பத்துப் பையனுக்கு அது பர்கரைப் போலவே வெளியூர்ச் சாப்பாடுதான்.

“கறுப்பர்களை இழிவுபடுத்தவே வெள்ளையர்கள் அந்தப் பாட்டுகளைச் செய்தார்கள்”

இப்போது பையனின் கைப்பேசிக்கு வருவோம். அந்தப் படத்தில் ஒரு கறுப்பினக் குடும்பம் பர்கர் சாப்பிடுகிறது. கீழே உள்ள வாசகம் தெருப் பேச்சு நடையில், சொற்களின் வால் நறுக்கப்பட்டு இருக்கிறது. இன்றைய கண்ணுக்குக் கேலி மாதிரித்தான் தெரியும். 1970களில் மெக்டொனால்ட்ஸுக்காகக் கறுப்பின வாடிக்கையாளர்களை நோக்கி விளம்பரம் செய்துகொடுத்தவர் டாம் பரெல். சிகாகோக் கறுப்பர்.

அவருக்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. 1940களில் பெப்சி, கோக்குக்கு வெகு பின்னால் இருந்த இரண்டாம் கம்பெனி. அதே ஐந்து செண்டுக்கு இரட்டை அளவு என்று பாடி விற்றது. அமெரிக்க வானொலியில் நாடு முழுக்க ஒலித்த முதல் விளம்பரப் பாட்டுகளில் அது ஒன்று. காசு கணக்குப் பார்க்கும் கறுப்பினக் குடும்பங்கள் அதை வாங்குவதைக் கவனித்த தலைவர் வால்டர் மேக், 1947இல் எட்வர்ட் பாய்ட் என்ற கறுப்பின இளைஞரை வேலைக்கு எடுத்துத் தனி விற்பனைக் குழு அமைக்கச் சொன்னார். அந்தக் குழுவினர் கோட்டும் டையுமாகத் தென் மாநிலங்களில் சுற்றினார்கள். இரவு தங்க ஓட்டல் கிடையாது, வெள்ளையர் பெட்டியில் ஏற முடியாது. அவர்கள் உருவாக்கிய விளம்பர அட்டை ஒன்றில், நடுத்தர வர்க்கக் கறுப்பினத் தாய் பெப்சி எடுத்துவைக்க, ஒரு சின்னப் பையன் கை நீட்டுகிறான். அந்தப் பையன் ரான் பிரவுன். பிற்பாடு கிளிண்டன் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர் ஆனவர். கறுப்பர் என்றாலே வேலைக்காரர் வேடம் என்றிருந்த காலத்தில் அந்த அட்டை பெரிய விஷயம்.

விற்பனை ஏறியது. ஏறிய பிறகு ஒரு கூட்டத்தில் மேக், பெப்சிக்குக் ‘கறுப்பர்களின் பானம்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று ஓர் இழிசொல்லைச் சேர்த்துப் பேசினார். பாய்ட் எழுந்து வெளியே நடந்தார். காசு வேண்டும், அந்தக் காசின் முகம் வேண்டாம்.

மெக்டொனால்ட்ஸ் கதையிலும் வாசல் தானாகத் திறக்கவில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார், நகரங்கள் எரிந்தன. கறுப்பினப் பகுதிகளில் கடை நடத்திய வெள்ளை முதலாளிகள் வெளியேற வழி தேடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சிகாகோவில் ஹெர்மன் பெட்டி என்பவர் மெக்டொனால்ட்ஸின் முதல் கறுப்பின உரிமதாரர் ஆனார். அடுத்த கோடையில் கிளீவ்லாந்தில் கறுப்பின அமைப்புகள் சேர்ந்து, எங்கள் பேட்டையில் எங்கள் காசில் நடக்கும் கடைகளை எங்களிடம் கொடு என்று மறியல் செய்தன. வாடிக்கையாளர் வராமல் கல்லா காய்ந்ததும் கம்பெனி இறங்கிவந்தது. மார்சியா சாட்டலெய்ன் எழுதி 2021இல் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு வாங்கிய ‘ஃபிரான்சைஸ்’ என்ற புத்தகம் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. சமத்துவப் போராட்டத்தின் ஆற்றல் எப்படி பர்கர் கடை உரிமமாக உருமாறியது என்பதே அதன் கேள்வி.

டாம் பரெல் 1961இல் ஒரு விளம்பர நிறுவனத்தின் தபால் அறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1971இல் எம்மெட் மெக்பெயினோடு சொந்த நிறுவனம் தொடங்கினார். கறுப்பர்களை, நிறம் மாறிய வெள்ளையர்கள் என்று நினைத்து விளம்பரம் செய்யாதீர்கள் என்பது அவர் வாடிக்கையாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது. மெக்டொனால்ட்ஸின் ‘ஓய்வு’ப் பாட்டை எடுத்துக்கொண்டு அவர் காட்டிய வேறுபாடு எனக்குப் பிடிக்கும். புறநகர் வெள்ளைக் குடும்பத்துக்கு மெக்டொனால்ட்ஸ் என்பது சமையலுக்கு விடுமுறை, எப்போதாவது ஒரு சலுகை. நகரத்துக் கறுப்பினக் குடும்பத்துக்கு அது வீட்டுப் பக்கத்துக் கடை, அன்றாடப் பழக்கம். அவர்களிடம் போய் ‘இன்றைக்கு உங்களுக்கு ஓய்வு’ என்று பாடினால் ஒட்டாது; பக்கத்தில் இப்படி ஒரு கடை இருப்பது நல்லதுதானே என்ற தொனியில் பாட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் இது வராது. அந்தத் தெருவில் வளர்ந்தவருக்குத்தான் வரும். தெருப் பேச்சு நடையும் அப்படி வந்ததுதான். தங்கள் முகமும் பேச்சும் விளம்பரத்தில் வருவதே அரிதாக இருந்த வாசகர்களுக்கு, அவர்களுடைய பத்திரிகைகளில் வந்த விளம்பரங்கள் அவை.

அதற்காக அவற்றைப் பாராட்டிக் கோயில் கட்ட வேண்டியதில்லை. 1990இல் கால்வின் என்ற இளைஞன் மெக்டொனால்ட்ஸ் சீருடை போட்டுப் பெருமையோடு தெருவில் நடக்கும் விளம்பரம் வந்தது. பல ஆண்டுகள் கழித்து டேவ் சப்பெல் என்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் அதை உரித்துத் தோரணம் கட்டினார்: வேலைக்குப் போகிற பையனைத் தெருவே கேலி செய்கிறது, சம்பளம் வீட்டுக்குப் போதவில்லை. விமர்சனமும் உள்ளிருந்தே வந்தது. வெளியார் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

என்னைக் கேட்டால், பாட்டின் வாசகத்தைவிடக் கணக்குப் புத்தகம் முக்கியம். 2020இல் மெக்டொனால்ட்ஸின் முன்னாள் கறுப்பின உரிமதாரர்கள் 52 பேர் வழக்குப் போட்டார்கள். வியாபாரம் குறைந்த, காவலுக்கும் காப்பீட்டுக்கும் செலவு கூடிய பேட்டைகளிலேயே தங்களுக்குக் கடை ஒதுக்கினார்கள் என்பது அவர்கள் புகார். கம்பெனி மறுத்தது. ஹெர்ப் வாஷிங்டன் என்ற முன்னாள் பேஸ்பால் வீரர் தொடுத்த தனி வழக்கு, 2021 டிசம்பரில், அவருடைய 13 கடைகளை 33.5 மில்லியன் டாலருக்கு வாங்கிக்கொள்வதாக முடிந்தது; பாகுபாடு காட்டவில்லை என்ற நிலையைக் கம்பெனி விடவில்லை. டாம் பரெலின் பாட்டு எவ்வளவு மரியாதையாக இருந்திருந்தாலும் இந்த வழக்குக்கு அது பதில் ஆகாது.

“நம்மூர் முதலாளி என்றால் நம்மை இழிவுபடுத்த மாட்டார்”

புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். இந்திய விளம்பர வரலாற்றில் கடலூருக்கு உரிய இடத்தை நாமே கொடுப்பதில்லை. பாட்டிலில் விற்ற ஷாம்பு பணக்காரர் வீட்டுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தபோது, கூலிக்காரரும் வாங்கும்படி சின்னப் பாக்கெட்டில் அடைக்கலாம் என்று நினைத்தவர் அந்த ஊர் சின்னிகிருஷ்ணன். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவாக அதைப் பரப்பினார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் பிரிந்து வந்து 1983இல் 15,000 ரூபாயோடு தொடங்கியதுதான் சிக் ஷாம்பு, இன்றைய கெவின்கேர். கிராமம் கிராமமாகப் போய்ப் பையன்களின் தலையில் ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். ரேடியோ விளம்பரத்தில் சினிமா வசனம் ஒலித்தது. காலி பாக்கெட் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம். ஊறுகாயும் அதே வழியில் பாக்கெட்டில் வந்தது. மதியச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு ரூபாய் ஊறுகாய் வாங்குகிற கொத்தனாரைச் சந்தையாகப் பார்த்தது பெரிய பன்னாட்டுக் கம்பெனி அல்ல.

அதே கம்பெனி 1998இல் ஃபேர்எவர் என்ற சிவப்பழகு கிரீமைக் கொண்டுவந்தது. 1975 முதல் இந்தியச் சந்தையை ஆண்டுகொண்டிருந்த ஃபேர் அண்ட் லவ்லிக்குப் போட்டி. நம் வெயிலில் கறுத்த முகங்களை நன்றாக அறிந்தவர்கள், அந்தக் கறுப்பைக் குறை என்று சொல்லி விற்றார்கள். நெருக்கமாக அறிந்தவனுக்கு எங்கே குத்தினால் வலிக்கும் என்பதும் தெரியும். 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைத் தொடர்ந்து நிறவெறிக்கு எதிரான கொந்தளிப்பு எழுந்த பின்னரே ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று வைத்துக்கொண்டது. நம் ஊரில் கறுப்பாகப் பிறந்த பெண்களின் கல்யாணப் பேச்சுகள் அத்தனை ஆண்டுகள் சாதிக்காத பெயர் மாற்றம் அது.

“கோக்கையும் பெப்சியையும் தமிழுணர்வு விரட்டியது”

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அதன் சூட்டில் தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று அறிவித்தன. பவண்டோவுக்கு மறுவாழ்வு வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க்கின் பானம் அது. புதுச்சேரியிலும் அதைக் குடித்து வளர்ந்தவர்கள் ஏராளம்.

உணர்வு இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் பத்தாண்டுக்கும் மேல் முன்னால் போய்ப் பார்த்தால் அதே உணர்வை கோக் வாடகைக்கு எடுத்திருந்தது. 2000களின் தொடக்கத்தில் விஜய் கோக் விளம்பரத்தில் ஆடினார். 2014இல் ‘கத்தி’ படத்தில் தண்ணீரை உறிஞ்சும் குளிர்பானக் கம்பெனிக்கு எதிராக அவரே வசனம் பேசினார். இரண்டுக்கும் கைதட்டியது ஒரே கூட்டம்தான். வணிகர்களின் அறிவிப்பு நடைமுறைக்கு வந்த மறுநாள், மார்ச் 2ஆம் தேதி, தாமிரபரணித் தண்ணீரை அந்தக் கம்பெனிகளின் ஆலைகளுக்குக் கொடுக்க இருந்த தடையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீக்கியது.

பிறகு என்ன ஆனது என்பதைப் பார்க்கப் பெட்டிக்கடை வரை போனால் போதும். பவண்டோ இருக்கிறது. கோக்கும் பெப்சியும் இருக்கின்றன. கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜில் கண்ணுக்கு நேரான தட்டு யாருக்கு, கீழ்த்தட்டு யாருக்கு என்று கவனியுங்கள். பல கடைகளில் அந்த ஃப்ரிட்ஜ் கடைக்காரருடையது இல்லை. குளிர்பானக் கம்பெனி தன் பெயரெழுதிக் கொடுத்தது. கரண்ட் பில் மட்டும் கடைக்காரர் கணக்கு. எந்தத் தட்டில் எந்தப் பாட்டில் நிற்க வேண்டும் என்று பார்க்க விற்பனைப் பையன் வருவான். வேறு கம்பெனிப் பாட்டில் மேல்தட்டில் இருந்தால் “அண்ணே, இத கொஞ்சம் கீழ வச்சுடுங்க” என்று மரியாதையாகவே சொல்வான், நல்ல தமிழில்.